மறைந்தவருக்கு ஊக்கத்தொகை

உயிரோடு இருப்பவர்களுக்காகச் சட்டம் போடுவதில் என்ன பெருமை இருக்கிறது? அவர்கள் ஓட்டுப் போடுவார்கள், மனுக் கொடுப்பார்கள், கேட்டது கிடைக்காவிட்டால் சாலையில் உட்கார்ந்துகொள்வார்கள். பயத்துக்காகவாவது அவர்களுக்கு எதையேனும் செய்துதான் ஆகவேண்டும். கேட்க வாயில்லாதவர்களுக்கு, கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கையில்லாதவர்களுக்கு வாரி வழங்குவதுதான் உண்மையான வள்ளல்தன்மை. அந்த வகையில் கடையெழு வள்ளல்களுக்கு அடுத்து எட்டாவதாக வைத்து எண்ணத்தக்கது நம் பதிப்புரிமைச் சட்டம். அதைப் புகழ்ந்து பாட இத்தனை நாள் ஒரு புலவரும் முன்வராதது தமிழுக்கே இழுக்கு. அந்தக் குறையை இங்கே என்னால் முடிந்த மட்டும் தீர்த்துவைக்கிறேன்.

பழைய மன்னர்களுக்குக் கொடுக்கும் நுட்பம் பிடிபடவில்லை. பாட்டைக் கேட்ட சூட்டோடு, புலவர் எதிரில் நிற்கும்போதே, பொன்னும் தேரும் யானையும் கொடுத்துத் தொலைத்தார்கள். பசித்த புலவர் அன்று மாலையே சாப்பிட்டுவிடுவார். பரிசில் அத்தோடு தீர்ந்தது. நம் சட்டம் அப்படி அவசரப்படுவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எழுத்தாளர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கி, அறுபது ஆண்டுகள் அவருடைய புத்தகங்களுக்குக் காவல் நிற்கிறது. புதுமைப்பித்தன் வறுமையோடும் காசநோயோடும் மல்லுக்கட்டி 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். சட்டத்தின் கருணைக் கணக்கு 1949 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. இடையில் தமிழக அரசு புகுந்து நாட்டுடைமை ஆக்கிக் கெடுத்திராவிட்டால், அது 2008 டிசம்பர் 31 வரை ஒரு நாள் பிசகாமல் ஓடியிருக்கும். இருந்தபோது பட்டினி, இறந்தபின் அறுபதாண்டுப் பந்தோபஸ்து. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட மரியாதையை யாரால் செய்ய முடியும்?

இந்தக் கணக்கின் அழகைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் 1950இல் ஒரு சிறுகதைத் தொகுதி போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிரதி அச்சாகிறது. பாதி விற்கிறது, மீதி கட்டுப் பிரிக்காமலே பரணுக்குப் போகிறது. அவர் எண்பது வயதுவரை வாழ்ந்து 2005இல் கண்ணை மூடுகிறார். அந்தத் தொகுதிக்கு 2065 டிசம்பர் 31 நள்ளிரவு வரை காவல் உண்டு. அதாவது, வெளிவந்து 115 ஆண்டு. இருபது வயதில் அதை வாங்கிப் படித்த வாசகர், 'இனி யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்' என்ற நல்ல சேதியைத் தம் 135ஆம் வயதில் கேட்டு மகிழலாம். மணிவிழாவும் சதாபிஷேகமும் செய்துகொண்டவர்களுக்குக்கூடக் கிடைக்காத ஆயுளைச் சட்டம் கொடுக்கிறது. ஒரு சின்ன விஷயத்தில் மட்டும் அது தலையிடுவதில்லை. ஆயுள் உரிமைக்குத்தான், புத்தகத்துக்கு இல்லை. 1950இன் மட்டமான தாள் 2065 வரை தாங்குமா என்பது அந்தத் தாளின் சொந்தப் பிரச்சினை.

இந்தத் தாராளம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆன் ராணி காலத்தில், 1710இல் இங்கிலாந்தில் வந்த முதல் சட்டம் புதிய நூல்களுக்கு வெறும் பதினான்கு ஆண்டு கொடுத்தது. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு பதினான்கு. உயிரோடு இருந்தால்! எத்தனை அநாகரிகமான நிபந்தனை! லண்டன் புத்தக வியாபாரிகளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. உரிமை என்றென்றைக்கும் தங்களுடையதே என்று வழக்காடினார்கள். ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞர் 1748இல் இறந்துபோயிருந்தார். அவருடைய நீண்ட கவிதை நூல் ஒன்றை எடின்பரோவின் அலெக்சாண்டர் டொனால்ட்சன் மலிவுப் பதிப்பாகப் போட்டு விற்றார். வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. 1774இல் சபை டொனால்ட்சன் பக்கம் சாய்ந்தது. கையில் நாலு காசு வைத்திருப்பவனும் நல்ல கவிதை படிக்கலாம் என்ற நிலை வந்தது. அப்படியும் ஓர் இருண்ட காலம் இருந்திருக்கிறது.

1841இல் இன்னொருவர் குறுக்கே விழுந்தார். நமக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று குறிப்பு எழுதினாரே, அதே மெக்காலேதான். உரிமைக் காலத்தை நீட்டுவது, எழுத்தாளருக்கு மானியம் கொடுப்பதற்காக வாசகர் தலையில் வரி போடுவது என்று அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். மெக்காலே சொன்ன ஆங்கிலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட நாம், அவர் சொன்ன இந்த ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்முடைய சுயசிந்தனைக்கு வேறு சான்று தேவையில்லை.

பிறகு நாகரிகம் வளர்ந்தது. 1911இல் பிரிட்டிஷ் பேரரசு ஆசிரியர் இறந்தபின் ஐம்பது ஆண்டு என்று வகுத்தது. 1914இல் அது இந்தியாவுக்கும் வந்தது. விடுதலைக்குப் பின் 1957இல் நாமே சட்டம் செய்தபோதும் அந்த ஐம்பதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அந்த ஐம்பதால் பின்னர் ஒரு பேராபத்து நெருங்கியது. ரவீந்திரநாத் தாகூர் இறந்தது 1941 ஆகஸ்டில். 1991 டிசம்பர் 31 தாண்டினால் அவருடைய பாட்டையும் கதையையும் எந்த வங்காளியும் எவரிடமும் கேட்காமல் அச்சிட்டுவிடலாம். உரிமை விசுவபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. வெள்ளம், பஞ்சம், போர் என்றால் அரசுகள் அவசரச் சட்டம் போடும். தாகூரை எல்லோரும் படித்துவிடக்கூடிய அபாயம் அவற்றுக்கு எந்த விதத்தில் குறைந்தது? ஆண்டு முடியச் சில நாளே இருந்தபோது அவசரச் சட்டம் பிறந்தது. 1992இல் நாடாளுமன்றம் அதை முறைப்படுத்தி, ஐம்பதை அறுபதாக்கியது.

எழுத்தாளரை மேலும் எழுதத் தூண்டுவதே பதிப்புரிமையின் நோக்கம் என்பார்கள். அந்த நோக்கத்தில் பழுதில்லை. தாகூருக்குப் பத்தாண்டு கூட்டிக் கொடுத்தோம். ஏனோ அந்தப் பத்தாண்டில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஊக்கம் போதவில்லை போலிருக்கிறது.

ஒரு நல்லவர் பொருட்டுப் பெய்யும் மழை எல்லோர் கொல்லையிலும் பெய்யும் அல்லவா? 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையர், 1944இல் மறைந்த கு.ப.ராஜகோபாலன், 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் என்று எல்லோருக்கும் சட்டப்படி பத்தாண்டு கூடியது. ஊர் ஊராய்ப் போய், பரணில் கிடந்த ஏடுகளைக் கெஞ்சி வாங்கி, நூல்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் உ.வே.சா. அவருடைய புத்தகங்களை மேலும் பத்தாண்டு பூட்டிவைத்துத்தான் அவருக்கு நன்றி செலுத்தினோம். இந்த மழையில் நனைய மறுத்தவர்களும் உண்டு. காந்தி தம் எழுத்துகளின் உரிமையை அகமதாபாத்தின் நவஜீவன் அறக்கட்டளையிடம் விட்டுச்சென்றார். 2008 முடிந்து அந்த உரிமை காலாவதியானபோது, தாகூருக்கு நீட்டியதுபோல் எங்களுக்கும் நீட்டுங்கள் என்று நவஜீவன் போய் நிற்கவில்லை. 2009 ஜனவரி முதல் 'சத்திய சோதனை'யை யாரும் அச்சிடலாம். அன்பை மறுப்பதில்கூட ஒரு சத்தியாக்கிரகம்!

நம் அறுபதைக் கண்டு வியந்துவிட்டு நின்றுவிட்டால், அமெரிக்காவுக்கு அநீதி செய்தவர்களாவோம். அந்த நாடும் 1790இல் பதினான்கும் பதினான்கும் என்று கஞ்சத்தனமாகத்தான் தொடங்கியது. 1831இல் அது இருபத்தெட்டும் பதினான்கும் ஆனது. 1909இல் இருபத்தெட்டும் இருபத்தெட்டும் ஆனது. 1976 சட்டம் பழைய நூல்களுக்கு 75 ஆண்டு வரை கொடுத்தது. 1998இல் அந்த 75 இன்னும் வளர்ந்து 95 ஆனது. புதிய நூல்களுக்கு ஆசிரியர் ஆயுளும் எழுபதும். 1998 சட்டத்துக்கு சானி போனோ பெயர். பாடகராயிருந்து அரசியலுக்கு வந்து, அந்த ஆண்டு ஜனவரியில் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தவர். அவர் இடத்துக்கு வந்த மனைவி மேரி போனோ, உரிமை என்றென்றைக்கும் நீடிக்கவேண்டும் என்பதே தம் கணவரின் ஆசை என்று சபையில் சொன்னார். அரசியல் சாசனம் அதற்கு இடம் தராதாம். 'எல்லைக்குட்பட்ட காலம்' என்று அதில் எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று, திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வலென்டி கூறிய யோசனையை அவர் எடுத்துச் சொன்னார்: என்றென்றைக்கும், ஆனால் ஒரு நாள் குறைய.

இந்த யோசனை நம்மிடம் ஈராயிரம் ஆண்டு முன்பே வந்திருந்தால் எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கும்! 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்ட உ.வே.சா. முதலில் இளங்கோவடிகளின் வாரிசுகளிடம் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும். இளங்கோவோ துறவி, பிள்ளைகுட்டி கிடையாது. அண்ணன் செங்குட்டுவன் வழியில் பங்காளிகளைத் தேடிச் சேரநாடு முழுக்க அலைந்திருக்கவேண்டும். கிடைக்காவிட்டால் ஏட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கவேண்டும். உரிமையும் பிழைத்திருக்கும், கறையானும் பிழைத்திருக்கும்.

அமெரிக்காவில் இருபதாண்டு நீட்டியதால் என்ன நடந்தது? 1923இல் வெளியான புத்தகங்கள் 1999 ஜனவரி முதல் தேதி பொதுவுக்கு வந்திருக்கவேண்டியவை. 2019 ஜனவரி முதல் தேதிதான் வந்தன. நடுவில் இருபது புத்தாண்டுகள் வந்துபோயின, காலம் தீர்ந்து ஒரு பழைய புத்தகமும் வெளியே வரவில்லை. கடிகாரத்தை நிறுத்திய மன்னர்களைப் பற்றிக் கதைகளில் படித்திருக்கிறோம். நாட்காட்டியை நிறுத்தியவர்களை நேரிலேயே பார்த்தோம். 1923இல் வெளிவந்த ராபர்ட் ஃப்ராஸ்டின் 'நியூ ஹாம்ப்ஷயர்' என்ற கவிதைத் தொகுதியை இணையத்தில் இலவசமாகப் போட நினைத்த எரிக் எல்ட்ரெட் நீதிமன்றம் போனார். ஃப்ராஸ்ட் இறந்ததோ 1963இல். பதினேழு பொருளியல் அறிஞர்கள், அவர்களில் ஐந்து பேர் நோபல் பரிசு பெற்றவர்கள், இந்த நீட்டிப்பால் புதிதாக எவரும் எழுதிவிடப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சந்தையே கடவுள் என்ற மில்டன் ஃப்ரீட்மனும் அதில் ஒருவர். 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. 95 ஆண்டும் எல்லைக்குட்பட்ட காலம்தான். எல்லை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவே.

மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரேயர் ஒரு கணக்குப் போட்டார். 75 ஆண்டு கழித்து, இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு நூறு டாலர் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். அந்த வாய்ப்புக்கு இன்றைய மதிப்பு ஏழு சென்ட்டுக்கும் கீழே. இந்த ஏழு சென்ட்டை அற்பம் என்று அவர் நினைத்தது இலக்கியம் அறியாத பேச்சு. பிரசுரத்தார் பணம் தராமல் இழுத்தடிக்கலாம், பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பலாம், வீட்டில் அரிசி தீரலாம். எழுபத்தைந்து ஆண்டுக்குப் பின் கொள்ளுப்பேரனுக்குப் போகப்போகிற ஏழு சென்ட்டை நினைத்துத்தானே எழுத்தாளன் மறுபடி பேனாவைத் திறக்கிறான்?

அமெரிக்கச் சட்டம் செய்த இன்னொரு புண்ணியத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். 1909 சட்டத்தில் முதல் இருபத்தெட்டு ஆண்டு முடிந்ததும் ஒரு விண்ணப்பம் போட்டுச் சிறு கட்டணம் கட்டினால்தான் அடுத்த இருபத்தெட்டு. 1960ஐ ஒட்டி அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் எடுத்த கணக்கில், நூறு புத்தகத்துக்கு ஏழுக்கு மட்டுமே அந்த விண்ணப்பம் வந்திருந்தது. மீதி 93 புத்தகங்களின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் புத்தகத்தின் மேல் ஒரு படிவம் நிரப்பும் அளவுக்குக்கூடப் பிடிப்பு இல்லை. இது எவ்வளவு பெரிய தலைக்குனிவு! சட்டம் அதைத் துடைத்துவிட்டது. இனி யாரும் கேட்கவேண்டாம். 1964 முதல் வெளியானவற்றுக்குத் தானாகவே முழுக் காலமும் உண்டு. 1963இல் வெளியாகிப் புதுப்பிக்கப்படாத புத்தகம் சுதந்திரமாகத் திரிகிறது. அதற்கு ஓராண்டு இளையது 2059 முடியும்வரை உள்ளே இருக்கும். வேண்டும் என்ற ஏழு பேருக்காக, வேண்டாம் என்ற தொண்ணூற்று மூன்று பேருக்கும் ஊட்டிவிடுவதுதான் தாயுள்ளம்.

இப்படி நீண்டுகொண்டே போகும் காவலின் பலனை பால் ஹீல்ட் என்ற சட்டப் பேராசிரியர் அமேசான் கடையில் தேடிப் பார்த்திருக்கிறார். 1950களில் முதலில் வெளியான புத்தகங்களைவிட, 1850களில் வெளியானவையே புதுப் பிரதியாக அதிகம் விற்பனைக்குக் கிடைத்தன. கொள்ளுத்தாத்தா காலத்துப் புத்தகம் கைக்கெட்டுகிறது, தாத்தா காலத்துப் புத்தகம் எட்டவில்லை. உரிமை இருந்தால்தான் பதிப்பாளர் முதல் போட்டு அச்சிடுவார், உரிமை போனால் புத்தகம் அநாதையாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டாதீர்கள், மனம் நோவார்கள்.

ஒரே புத்தகத்தை வெவ்வேறு நாடுகள் எப்படிச் சீராட்டுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த் எக்சுபெரி 1944இல் போர் விமானத்தோடு மறைந்தார். நம் அறுபதாண்டுக் கணக்கில் அந்தப் புத்தகம் இந்தியாவில் 2005 முதல் பொது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 2015 முதல். அமெரிக்காவில் 2038 முடியும்வரை காவல். அவர் உயிரைக் கொடுத்த பிரான்சில், நாட்டுக்காக உயிர் துறந்தவர் என்ற மரியாதையில் கூடுதல் காலம் கொடுத்து, 2030கள் வரை பூட்டியிருக்கிறார்கள். நாட்டுக்காகச் செத்தவரின் புத்தகத்தை அந்த நாட்டு மக்கள் எளிதில் தொட்டுவிடக்கூடாது என்பது எத்தனை நுட்பமான அஞ்சலி! கனடாவும் ஐம்பதாக இருந்ததை 2022 டிசம்பரில் எழுபதாக்கிக்கொண்டது. இலங்கையில் 2003 முதலே எழுபது. நாம்தான் அறுபதில் பின்தங்கிக் கிடக்கிறோம்.

பின்தங்கினாலும் நம் அறுபது சாமானியமில்லை. அதன் திறமையைப் பார்க்க ஒரு சிறு பதிப்பாளரைத் துணைக்கு அழைப்போம். அவருக்கு 1960களின் நாவல் ஒன்றை மறுபதிப்புப் போட ஆசை. ஆசிரியர் மறைந்தது 1980இல். ஆகவே 2040 வரை அனுமதி வேண்டும். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'உரிமை ஆசிரியருக்கே' என்று இருக்கிறது, ஆசிரியர்தான் இல்லை. விசாரித்தால் மூத்த மகன் திருச்சியில், இளையவர் நியூ ஜெர்சியில். மகள் காலமாகி அவருடைய பிள்ளைகள் பெங்களூரில். தமிழ் படிக்கத் தெரிந்தவர் திருச்சிக்காரர் மட்டுமே. அவரோடு மற்ற இருவீட்டாருக்கும் பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பாகப்பத்திரத்தில் கிணற்றுக்கு முறை எழுதியிருக்கிறது, கொல்லைத் தென்னைக்குக் கணக்கு எழுதியிருக்கிறது. அப்பா எழுதிய நாவல் மட்டும் யார் பங்கிலும் இல்லை.

பதிப்பாளர் போடப்போவது முந்நூறு பிரதி, விலை 250 ரூபாய். எல்லாம் விற்றால் எழுபத்தைந்தாயிரம். ராயல்டி பத்து சதவீதம் என்றால் ஏழாயிரத்து ஐந்நூறு. மூன்று பங்காகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, அதுவும் முந்நூறாவது பிரதி விற்ற பிறகு. இந்தத் தொகையைப் பாதுகாக்கத்தான் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. பதிப்பாளர் நாவலை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, நாற்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகம் போடப் போய்விடுகிறார். வாரிசுகளின் உரிமை துளிகூடச் சேதப்படாமல் காப்பாற்றப்பட்டது. வாரிசுகளுக்கு வரவேண்டிய பணமும் துளிகூட வராமல் காப்பாற்றப்பட்டது.

வாரிசைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் சட்டத்தில் விடை உண்டு. 31அ பிரிவின்படி, ஆசிரியர் இறந்துபோய், அல்லது உரிமையாளர் அகப்படாமல் முடங்கிக் கிடக்கும் நூலை வெளியிட உரிமம் கேட்கலாம். முதலில் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஒரு நாளிதழில் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். எந்த மொழி நாளிதழில் தெரியுமா? ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பு வெளியிடுவதானால் மட்டும் அந்த மொழி நாளிதழிலும் ஒன்று. தமிழ் நாவலைத் தமிழிலேயே மறுபதிப்புப் போடுவதற்கு, தமிழ் எழுத்தாளரின் பேரனை, சட்டம் ஆங்கில நாளிதழின் பக்கத்தில் தேடச் சொல்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள் என்று நம்மைவிடச் சட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முன்பு இந்த விண்ணப்பத்தைக் கேட்கப் பதிப்புரிமை வாரியம் என்று ஒன்று இருந்தது. அதை 2017இல் இன்னொரு தீர்ப்பாயத்தோடு இணைத்தார்கள். 2021இல் அந்தத் தீர்ப்பாயத்தையும் கலைத்து, வேலையை நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தார்கள். முந்நூறு பிரதி போட நினைத்தவர் இனி வக்கீலைப் பார்க்கலாம்.

நூலகங்களையும் சட்டம் மறக்கவில்லை. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத ஒரு புத்தகத்தை, லாபநோக்கமற்ற பொது நூலகம் தன் பயனுக்காக மூன்று பிரதிவரை எடுத்துக்கொள்ளலாம். எட்டுக்கோடித் தமிழருக்கு நூலகத்துக்கு மூன்று! எடுக்கப் போனால், கட்டடம் (பைண்டிங்) விட்டுப்போன அந்தப் பழைய பிரதியில் பக்கத்தைப் புரட்டும்போதே ஓரம் அப்பளமாக உடைகிறது. ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்தினால் முதுகு பிளக்கிறது. அட்டை முதல் அட்டை வரை ஊசித்துளைபோல ஒரே நேராக ஓட்டை. ராமபாணத்தின் வேலை அது. பதிப்புரிமை உலகில் எந்த வாரிசிடமும் அனுமதி கேட்காமல், எந்த நாளிதழிலும் விளம்பரம் கொடுக்காமல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தமிழ் நாவல்களை முழுதாக அனுபவிக்கும் உரிமை அந்த ஒரு பூச்சிக்குத்தான் இருக்கிறது. சட்டம் அதன்மேல் இதுவரை ஒரு வழக்கும் போட்டதில்லை.

இத்தனை உறுதியான பூட்டைத் திறக்கத் தமிழ்நாட்டில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. அதற்கு நாட்டுடைமை என்று பெயர். 1921இல் இறந்த பாரதியின் நூலுரிமை, ஐம்பதாண்டுக் கணக்கில் 1971 வரை தனியார் கையில் இருந்திருக்கும். ஓமந்தூரார் ஆட்சி 1949இலேயே அதை அரசுக்கு வாங்கியது. பின்னர் அது மக்களுக்கே பொதுவானது. அன்றுமுதல் வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களைப் பொதுவாக்குவது ஆட்சி மாறினாலும் மாறாத வழக்கமாகிவிட்டது. டெல்லி பூட்டும், சென்னை காசு கொடுத்துத் திறக்கும். இரண்டு செலவும் நம்முடையது. திறந்ததன் விளைவைப் புத்தகக் காட்சியில் போய்ப் பாருங்கள். கல்கி மறைந்தது 1954இல். 2014 வரை காத்திருக்கவேண்டிய 'பொன்னியின் செல்வன்' முன்கூட்டியே நாட்டுடைமையாகி, கெட்டி அட்டையில், மலிவுப் பதிப்பில், படத்தோடு, படமில்லாமல் என்று கடைக்குக் கடை குவிந்து கிடக்கிறது. வாங்கியதோடு நில்லாமல் படிக்கவும் செய்கிறார்கள். உரிமை போனால் புத்தகம் செத்துவிடும் என்பதைக் கல்கியின் புத்தகம் மட்டும் ஏனோ நம்ப மறுக்கிறது.

புகழ்ந்தது போதும். 2042 முடியும்வரை தி.ஜானகிராமனுக்கும், 2045 முடியும்வரை மௌனிக்கும், 2077 முடியும்வரை அசோகமித்திரனுக்கும் சட்டம் காவல் இருக்கப்போகிறது. இவர்களைப் பதிப்பாளர்கள் கைவிட மாட்டார்கள், வாசகர் இருக்கிறார்கள். இவர்களோடு ஒரே பத்திரிகையில், ஒரே இதழில் எழுதி, ஒரு தொகுதியோடு நின்றுபோன நூற்றுக்கணக்கானவர்களுக்கும் அதே காவல்தான். அவர்களைத் தேடுவோர் யாருமில்லை, விடுவிப்போரும் யாருமில்லை. நாடாளுமன்றம் இந்தக் காலத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. நாம் கையெழுத்திட்ட பெர்ன் உடன்படிக்கை, இறந்தபின் ஐம்பதுக்குக் கீழே இறங்க விடாது.

ஆனால் அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உரிமையை முழுதாகவோ ஓரளவோ விட்டுக்கொடுக்க எழுத்தாளருக்கு வழி வைத்திருக்கிறது; பதிப்புரிமைப் பதிவாளருக்கு ஓர் அறிவிப்போ, பொது அறிவிப்போ போதும். அவ்வளவு தாராளம் வேண்டாம் என்றாலும், வீட்டுக்கும் நிலத்துக்கும் எழுதும் உயிலில் புத்தகத்துக்கும் இரண்டு வரி எழுதலாம்: 'என் நூல்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் இன்ன ஒருவருக்கே. ஒரு நூல் தொடர்ந்து பத்தாண்டு அச்சில் இல்லையென்றால் அதை யாரும் அச்சிடலாம்.' உயிரோடிருக்கும் எழுத்தாளர்களே, தயவுசெய்து இந்த இரண்டு வரியை எழுதிவைத்துவிடுங்கள். வாரிசுகளே, அனுமதி கேட்டு ஒரு கடிதம் வந்தால், சரி என்றோ மாட்டேன் என்றோ பதிலாவது போடுங்கள்.